மூதூருக்குப் போகும் படகும் மூன்று ஜாவா கேன்வாஸ்களும்

சித்தியின் மகளுக்கு ஜாவா என்ற நிரல்மொழியைச் சொல்லிக்கொடுக்க உப்புவெளி வீட்டு விறாந்தையில் உட்கார்ந்தோம். வேலை சின்னதுதான். ஒரு விண்டோ, அதில் கொட்டியாரக்குடாவின் கரைக்கோடு, மேலே திருகோணமலையிலிருந்து கீழே மூதூருக்கு நகரும் ஒரு படகு. இதையே மூன்று விதமாக எழுதிப் பார்த்தோம்.

முதலில், 1996இல் ஜாவாவோடேயே வந்த, விண்டோ அமைக்கும் கருவித்தொகுப்பான ஏடபிள்யூடி. ஃப்ரேம் என்ற விண்டோவுக்குள் கேன்வாஸ் என்ற வரைபரப்பைப் போட்டு, வரையும் கட்டளைகளுக்கான பெயின்ட் மெத்தடில் வரைந்தால் படம் வந்துவிடும். ஆனால் விண்டோவின் பெருக்கல் குறியை அழுத்தினால் மூடாது, அதற்கும் நாம்தான் கோட் எழுதவேண்டும். படகு நகரத் தொடங்கியதும் திரை மினுங்கியது. ரீபெயின்ட், அதாவது மறுபடி வரை என்று கேட்கும்போதெல்லாம் பழையதைத் துடைத்துவிட்டுத்தான் புதிதை வரைகிறது. படத்தை மறைவாக வரைந்து முடித்தபின் காட்டும் பஃபர்ஸ்ட்ராட்டஜி போட்டால் மினுங்கல் நிற்கும். கேம் எழுதுகிறவர்கள் இந்தக் கேன்வாஸை இன்னும் கைவிடாததற்கு அதுவும் ஒரு காரணம்.

அடுத்தது ஸ்விங், ஜாவாவின் இன்னொரு கருவித்தொகுப்பு. இங்கேதான் பாதிப் பின்னேரம் போனது. ஜேபேனல் என்ற அதன் வரைபரப்பை நீட்டித்து, பெயின்ட்கம்போனென்ட் என்ற அதன் வரையும் மெத்தடில் வரைந்தோம். மறைவாக வரைந்து காட்டும் இரட்டை பஃபர் தானாகவே இருப்பதால் மினுங்கல் இல்லை. ஆனால் மூதூரைக் காணோம்! ஜேஃப்ரேம் என்ற அதன் விண்டோவுக்கு 640க்கு 400 என்று அளவு கொடுத்திருந்தோம். தலைப்புப் பட்டியும் அந்த 400க்குள்ளேதான் அடக்கம், அதனால் படத்தின் கீழ்ப்பகுதி வெட்டுப்பட்டது. அளவை பேனலின் ப்ரிஃபர்ட்சைஸாகக் (விரும்பும் அளவாகக்) கொடுத்து, உள்ளிருப்பதற்கேற்ப விண்டோவைப் பொருத்தும் பேக் மெத்தடை ஃப்ரேமில் அழைத்ததும் மூதூர் வந்தது. அப்புறம், “அண்ணா, படகுக்குப் பின்னால நுரை வருது” என்றாள். பின்னணியைத் துடைக்கும் சூப்பர் டாட் பெயின்ட்கம்போனென்ட் வரியை விட்டுவிட்டோம், அதனால் பழைய படகுகள் அழியாமல் வரிசையாக நின்றன. கெட்கிராஃபிக்ஸால் வரைகோலை வாங்கி, அந்த மெத்தடுக்கு வெளியிலிருந்து வரையும் குறுக்குவழி மட்டும் வேண்டாம். விண்டோவின் அளவை மாற்றினால் வரைந்தது போய்விடும். ஸ்விங் எதையும் ஞாபகம் வைத்திருக்காது. படகு எங்கே நிற்கிறது என்பதை நீங்கள் ஒரு மாறியில் வைத்து, கேட்கும்போதெல்லாம் முதலிலிருந்து வரைந்து காட்டவேண்டும்.

மூன்றாவது கருவித்தொகுப்பான ஜாவாஎஃப்எக்ஸின் கேன்வாஸ் இதற்கு நேர் எதிர். அதன் வரைகோலான கிராஃபிக்ஸ்கான்டெக்ஸ்டில் ஒருமுறை வரைந்தால், அழிக்கச் சொல்லும் கிளியர்ரெக்ட் கொடுக்கும்வரை அப்படியே நிற்கும். கோடுகளும் மழமழவென்று வரும். ஸ்விங்கில் அதற்கு ரெண்டரிங்ஹின்ட்ஸ் என்ற அமைப்பைக் கொடுக்கவேண்டும். ஓவியம் கீறும் செயலி எழுதுவதென்றால் நான் இதைத்தான் எடுப்பேன். விண்டோவை இழுத்தால் கேன்வாஸ் கூடவே பெரிதாகாது, அகல உயரத்தை நாமே இணைக்கவேண்டும். அதுகூடப் பரவாயில்லை. 2018இல் வந்த ஜாவா 11 முதல் ஜாவாஎஃப்எக்ஸ், ஜாவா எழுதத் தேவையான தொகுப்பான ஜேடிகேயோடு பொதுவாக வருவதில்லை. தனியாக இறக்கி, அது எங்கே இருக்கிறது என்று காட்டும் மாட்யூல் பாதையும் கொடுக்கவேண்டும். கைபேசி டேட்டாவில் இறக்கி, அந்தப் பாதையைச் சரியாகக் கொடுப்பதற்குள் தேத்தண்ணி ஆறிவிட்டது.

முதன்முதலாக விண்டோ திறக்கிறவருக்கு என் ஓட்டு ஸ்விங்குக்குத்தான். ஜேடிகே இருந்தால் போதும், பிழை விட்டாலும் ஏன் என்று திரையிலேயே தெரிகிறது. அவளும் அதையே வைத்துக்கொண்டாள். ஆனால் நான் சேர்த்த சூப்பர் வரியை மறுபடி எடுத்துவிட்டாள். நுரை வேண்டுமாம்.