மூக்குச் சதை: அகற்றியதையெல்லாம் ஆய்வகத்துக்கு அனுப்புவதா, தேர்ந்தெடுத்து அனுப்புவதா?

மூக்குச் சதை எனப் பொதுவாகச் சொல்லப்படும் பாலிப்பை அறுவை செய்து எடுத்த பின், அதைத் திசுப் பரிசோதனைக்கு அனுப்புவதில் காது மூக்கு தொண்டை மருத்துவர்களிடம் இரண்டு வழக்கங்கள் உள்ளன. ஒரு சாரார் எடுத்த எதையும் விடாமல் அனுப்புகிறார்கள். மற்றொரு சாரார் ஐயம் எழுந்ததை மட்டும் அனுப்புகிறார்கள். ஒரு பக்க மூக்கில் மட்டும் வளர்ந்த சதையை அனுப்பியே ஆக வேண்டும் என்பதில் இரு சாராருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. வழக்கெல்லாம் இரு பக்கமும் ஒத்து வளர்ந்த சதையைப் பற்றியதுதான்.

தேர்ந்தெடுத்து அனுப்புவோரின் வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. நாள்பட்ட அழற்சியால் வளரும் பாலிப், தோல் உரித்த திராட்சையைப் போல வெளிறி, பளபளப்பாக, வழுவழுவென்று இருக்கும். கருவியால் தொட்டால் பெரும்பாலும் வலிக்காது, எளிதில் இரத்தம் கசியாது. சிடி ஸ்கேனிலும் எலும்பு அரிப்பு இல்லாமல் இரு பக்கமும் ஒத்திருந்தால், ஆய்வகம் எதிர்பாராத ஒன்றைச் சொல்வது பெரும்பாலும் நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. அந்தச் சிலவற்றிலும் சிகிச்சையின் போக்கையே மாற்றுபவை இன்னும் குறைவு. ஒவ்வொரு மாதிரியையும் ஃபார்மலினில் பதப்படுத்தி, மெழுகில் பதித்து, சில மைக்ரான் தடிமனுக்குச் சீவி, சாயமேற்றி, நோயியல் நிபுணர் நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். நிபுணர்கள் குறைவான இடத்தில் சாதாரணப் பாலிப்புகள் வரிசையை அடைத்துக்கொண்டால், புற்றுநோய் ஐயத்தோடு வந்த ஸ்லைடு காத்துக் கிடக்கும்.

எல்லாவற்றையும் அனுப்புவோர் முதலில் சுட்டிக்காட்டுவது, மூக்கின் உட்பரப்பிலிருந்து உள்நோக்கி வளரும் புற்றல்லாத கட்டியான உட்கவிழ்ந்த பாப்பிலோமாவை. இது பெரும்பாலும் ஒரு பக்கத்தில்தான் வளர்கிறது என்றாலும், சாதாரணப் பாலிப்புகளுக்குப் பின்னால் மறைந்திருக்கக்கூடும். அப்படி மறைந்திருப்பது எண்டோஸ்கோப்பின் கண்ணுக்கும் சில வேளை தப்பிவிடும். வேர்விட்ட இடத்தை எலும்போடு சுத்தம் செய்யாவிட்டால் அது மீண்டும் வளரும். ஏறத்தாழ 5 முதல் 15 விழுக்காட்டினரிடம் அதனோடு புற்றுநோயும் சேர்ந்து காணப்படுகிறது. நிணநீர்ப் புற்றும் சில வேளை பாலிப்பின் தோற்றத்தில் வருவதுண்டு. இவற்றைவிட என் தீர்ப்பைச் சாய்ப்பது வேறொன்று: அறுவை மருத்துவரின் கண் எவ்வளவு நம்பகமானது என்பதை அனுப்பிப் பார்த்தால்தான் அறிய முடியும். அனுப்பாமலே இருப்பவர் தாம் தவறவிட்டதை, நோய் முற்றித் திரும்பி வரும்வரை அறியப்போவதில்லை.

தவிர, ஆய்வக அறிக்கை புற்றுநோய் உண்டா இல்லையா என்பதை மட்டும் சொல்வதன்று. நுண்ணோக்கியின் உயர் உருப்பெருக்கப் புலம் ஒன்றில் 10 அல்லது அதற்கு மேல் ஈசினோஃபில் என்ற வகை வெள்ளையணுக்கள் இருப்பதை, ஒவ்வாமையிலும் ஆஸ்துமாவிலும் காணப்படும் இரண்டாம் வகை அழற்சிக்கான அடையாளங்களில் ஒன்றாக 2020-இல் வெளியான ஐரோப்பிய வழிகாட்டுதல் கொள்கிறது. இவ்வகைப் பாலிப் திரும்ப வளரும் வாய்ப்பு அதிகம். ஆஸ்துமாவும் ஆஸ்பிரின் ஒவ்வாமையும் உள்ளவர்களிடம் இது அடிக்கடி காணப்படுகிறது. இந்த அழற்சியைத் தூண்டும் சமிக்ஞைகளைத் தடுக்கும் டூபிலுமாப் போன்ற உயிரியல் மருந்து தேவையா என்று முடிவு செய்யவும் இந்த எண்ணிக்கை உதவும். ஆனால் ‘அழற்சிப் பாலிப்’ என்று ஒரே வரியில் அறிக்கை வந்தால் இந்தப் பயன் எதுவும் கிடைக்காது. அணுக்களை எண்ணிச் சொல்லுமாறு கோரிக்கைப் படிவத்தில் எழுதும் பொறுப்பு அனுப்புகிறவருடையது. அந்தப் படிவத்தில் ‘மூக்குச் சதை’ என்ற இரண்டு சொற்களை மட்டும் எழுதிவிட்டு விரிவான விடையை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

அனுப்பும் முறையும் அதே அளவு முக்கியம். இப்போது பல அறுவைகளில் சதையை வெட்டிக்கொண்டே உறிஞ்சும் மைக்ரோடிப்ரைடர் பயன்படுகிறது. அது துகள்துகளாக்கிய திசு உறிஞ்சுகுழாய் வழியே போய்விடுகிறது. வலைப்பை பொருத்திப் பிடிக்காவிட்டால் பெரும்பகுதி கழிவுநீரோடு வீணாகும். இரு பக்கச் சதையையும் ஒரே குப்பியில் போட்டு அனுப்பிய பின் பாப்பிலோமா என்று அறிக்கை வந்தால், எந்தப் பக்கத்தில் மறு அறுவை செய்வது என்பதே தெரியாமல் போகும். இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று, தோற்றத்தில் வேறுபட்ட துண்டு எதுவும் இருந்தால் அதற்குத் தனியாக ஒன்று எனக் குப்பிகளைப் பிரிக்காதவர், அனுப்பியும் பாதி வேலைதான் செய்திருக்கிறார்.

எந்த வழக்கத்தைப் பின்பற்றினாலும், எடுத்த பின் செய்யும் சோதனை அறுவைக்கு முந்தைய ஸ்கேனுக்கு ஈடாகாது. மூளையுறை பிதுங்கி மூக்கில் இறங்கியிருப்பதையோ, இளவயது ஆண்களுக்கு வரும், கடுமையாக இரத்தம் பெருகும் கட்டியான ஆஞ்சியோஃபைப்ரோமாவையோ வெட்டிய பிறகு ஆய்வகத்திலிருந்து தெரிந்துகொள்வது காலம் கடந்த செய்தி.

ஆகவே முதல் அறுவையில், இரு பக்கச் சதையானாலும், விலக்கின்றி அனுப்புவதையே நான் ஏற்பேன். திரும்ப வளர்ந்து மறுபடி எடுக்கும்போது, முன்பு வந்த அறிக்கை தெளிவாக இருந்து, தோற்றமும் ஸ்கேனும் மாறாமல், ஈசினோஃபில் எண்ணிக்கையும் முன்பே தெரிந்திருந்தால், தேர்ந்தெடுத்து அனுப்புவதில் தவறு காண மாட்டேன். பழைய அறிக்கையைக் கையில் கொண்டுவராத நோயாளிக்கு மட்டும், அது எத்தனையாவது அறுவையாக இருந்தாலும், முதல் அறுவையாகவே கணக்கு வைக்க வேண்டும்.