குடும்ப மைல்கள்: ஒரே வீடா, ஒரு தலைவரா, ஐந்து பெயர்களா?

எங்கள் வீட்டில் நான்கு பேர். லண்டனில் இருக்கிறோம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கோடை விடுமுறையில் சென்னைக்கு வந்து, அங்கிருந்து செங்கல்பட்டில் இருக்கும் அம்மா அப்பாவிடம் போவோம். மகளுக்கு மூன்று வயதானபோது ஆசையாக ஒரு விமான நிறுவனத்தில் மைலேஜ் கணக்கு தொடங்கிக் கொடுத்தேன். பறக்கும்போது நிறுவனம் தரும் புள்ளிகள்தான் மைல்கள், அவற்றைச் சேர்த்து வைத்து டிக்கெட் எடுக்கலாம். ஒரே ஒரு பயணத்தின் மைல்கள் அதில் ஏறின. அடுத்த முறை வேறு விமானத்தில் வந்தோம். மூன்று வருடம் கழித்துப் பார்த்தால் அவளுடைய மைல்கள் காலாவதி ஆகியிருந்தன. என் கணக்கில் ஓரளவு, கணவர் கணக்கில் கொஞ்சம், மகன் கணக்கில் கொஞ்சம் என்று சிதறிக் கிடந்தவை எதுவும் தனியாக ஒரு டிக்கெட்டுக்குப் போதவில்லை. எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்திருந்தால் ஒரு டிக்கெட் வந்திருக்கும். அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

அதற்கப்புறம்தான் உட்கார்ந்து ஒவ்வொரு நிறுவனத்தின் விதியையும் படித்தேன். நாங்கள் மாறி மாறி ஏறுவது பிரிட்டிஷ் ஏர்வேஸ், கத்தார் ஏர்வேஸ், எமிரேட்ஸ். தங்கை சிங்கப்பூரில் இருப்பதால் சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் உண்டு. நான்குமே சென்னைக்கு வருகின்றன. யார் அதிகம் மைல் தருகிறார்கள் என்றுதான் பொதுவாக முதலில் பார்ப்போம். ஆனால் குடும்பமாகச் சேர்க்கிறவர்கள் அதற்கு முன்னால் பார்க்க வேண்டியது ஒன்று இருக்கிறது: இவர்கள் யாரைக் ‘குடும்பம்’ என்று எடுத்துக்கொள்கிறார்கள்? இதில் நான்கு நிறுவனங்களுக்கும் ஒத்த கருத்து இல்லை.

பிரிட்டிஷ் ஏர்வேஸுக்கு ஒரே முகவரியில் இருப்பவர்கள்தான் குடும்பம். ஹவுஸ்ஹோல்டு அக்கவுண்ட் என்று ஒன்று தொடங்கி ஏழு பேர் வரை சேரலாம். என்ன உறவு என்பது பொருட்டல்ல, முகவரி ஒன்றாக இருக்க வேண்டும். 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் இந்தக் கணக்கு வழியாகத்தான் உறுப்பினராக முடியும். எனவே பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு இது கட்டாயமான முதல் படி.

இங்கே ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ள எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. ஏவியோஸ் (இவர்களுடைய மைலுக்கு அதுதான் பெயர்) ஒரு பொது உண்டியலில் போய் விழுவதில்லை. அவரவர் கணக்கிலேயே இருக்கும். டிக்கெட் எடுக்கும்போது மட்டும் எல்லோரிடமிருந்தும் விகிதப்படி கழித்துக்கொள்வார்கள். கணவரிடம் 30,000, என்னிடம் 6,000, பிள்ளைகளிடம் தலா 2,000 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 40,000. அதில் 20,000க்கு ஒரு டிக்கெட் எடுத்தால் கணவரிடம் 15,000, என்னிடம் 3,000, பிள்ளைகளிடம் தலா 1,000 குறையும். ‘குழந்தை கணக்கிலிருந்து ஏன் எடுத்தார்கள்’ என்று முதலில் எனக்குக் கோபம் வந்தது. யோசித்துப் பார்த்தால் அதுதான் நல்லது. ஏவியோஸ் 36 மாதம் எந்த அசைவும் இல்லாமல் கிடந்தால்தான் காலாவதி ஆகும். சேர்த்தாலும் செலவழித்தாலும் அது அசைவுதான். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பறக்கும் பிள்ளைகளின் சிறு இருப்புக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பு கிடையாது.

குறையும் உண்டு. 2023 அக்டோபரிலிருந்து பிரிட்டிஷ் ஏர்வேஸ் தன் விமானங்களில் பறந்த தூரத்துக்கு அல்ல, கட்டிய பணத்துக்குத்தான் ஏவியோஸ் தருகிறது. அடிப்படை உறுப்பினருக்கு ஒரு பவுண்டுக்கு 6, மேல்நிலைக்குப் போகப் போக 9 வரை. அரசு வரிக்கு எதுவும் கிடையாது. வரி போக ஒரு டிக்கெட் 500 பவுண்டு என்றால் 3,000 ஏவியோஸ், அதே விலையில் நான்கு டிக்கெட்டுக்கு 12,000. மலிவான டிக்கெட்டைத் தேடிப் பிடிக்கும் குடும்பத்துக்கு மெதுவாகத்தான் ஏறும். அப்புறம் அந்த முகவரி விதி. செங்கல்பட்டில் இருக்கும் அம்மா அப்பா எங்கள் ஹவுஸ்ஹோல்டில் சேர முடியாது. நண்பர்கள், உறவினர்கள் பட்டியலில் அவர்கள் பெயரைச் சேர்த்து, எங்கள் ஏவியோஸில் அவர்களுக்கு டிக்கெட் எடுக்கலாம். அவர்கள் பறந்து சேர்ப்பது மட்டும் எங்களோடு சேராது.

அந்த இடத்தில்தான் கத்தார் முந்துகிறது. அங்கே ஒரு முதன்மை உறுப்பினர், அவருக்குக் கீழே ஒன்பது பேர் வரை குடும்பத்தினர். தாத்தா பாட்டி ஒரு ஊரில், பிள்ளைகள் ஒரு ஊரில் என்று சிதறிக் கிடக்கும் நம் குடும்பங்களுக்கு இதுதான் பொருந்துகிறது. இதில் இன்னொரு நல்ல சேதி: 2022 மார்ச்சிலிருந்து கத்தாரும் ஏவியோஸையே பயன்படுத்துகிறது. ஒருவர் தன் இரண்டு கணக்குகளையும் இணைத்துக்கொண்டால் ஏவியோஸை அங்கிருந்து இங்கே, இங்கிருந்து அங்கே மாற்றலாம். இரண்டு நிறுவனங்களும் ஒன்வேர்ல்டு என்ற விமான நிறுவனக் கூட்டணியில் இருப்பதால், கத்தாரில் பறந்துவிட்டு பிரிட்டிஷ் ஏர்வேஸ் உறுப்பினர் எண்ணைக் கொடுத்து மைலை அங்கே ஏற்றவும் செய்யலாம். ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸும் 2014 முதல் அதே கூட்டணியில் இருக்கிறது. கொழும்பு வழியாகப் போகிறவர்கள் அந்த மைலையும் விட வேண்டாம். ஒரு பயணத்துக்கு ஒரு கணக்கில்தான் ஏற்ற முடியும், அதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

எமிரேட்ஸும் தலைவர் முறைதான். அவர்களுடைய மைல் திட்டமான ஸ்கைவார்ட்ஸில் 18 வயது நிரம்பிய ஒருவர் குடும்பத் தலைவராக இருந்து எட்டுப் பேர் வரை சேர்க்கலாம். ஒவ்வொருவரும் தாங்கள் ஈட்டுவதில் 100 சதவீதம் வரை பொதுக் கணக்குக்குக் கொடுக்கலாம். இது நிஜமான உண்டியல். கணவர் துபாயில் வேலை செய்ய, மனைவியும் பிள்ளைகளும் ஊரில் இருக்கும் வீடுகள் நம்மிடம் எத்தனையோ. அவர்களுக்கு முகவரி விதி ஒத்துவராது, எமிரேட்ஸ் ஒத்துவரும். துபாயின் இன்னொரு விமான நிறுவனமான ஃப்ளைதுபாயில் பறந்தாலும் அதே மைல்தான். ஆனால் எமிரேட்ஸ் எந்தக் கூட்டணியிலும் இல்லை. மைல்களுக்கு மூன்று வருடக் கெடுவும் உண்டு, மூன்றாவது வருடம் உறுப்பினர் பிறந்த மாதத்தின் முடிவில் தீர்ந்துவிடும். எங்களைப் போல எப்போதாவது பறப்பவர்களுக்கு அது இடிக்கிறது.

சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் மைல் திட்டமான கிரிஸ்ஃப்ளையரில் குடும்பமாகச் சேர்த்து வைக்கும் வசதியே இல்லை. உங்கள் மைல் உங்களுடையது. ஐந்து பேரின் பெயரைப் பதிந்து வைத்தால் அவர்களுக்காக நீங்கள் டிக்கெட் எடுக்கலாம். எனவே ஒருவர் நிறையச் சேர்க்க, மற்றவர்கள் பயணம் செய்யும் வீட்டுக்கு இது போதும். தங்கை அப்படித்தான் செய்கிறாள். ஆபீஸ் பயணமெல்லாம் அவள் கணக்கில் ஏறுகிறது, அம்மா அப்பா பெயர்கள் பட்டியலில் இருக்கின்றன. கிரெடிட் கார்டு வழியாகச் சேர்ப்பவர்கள் வீட்டில் இன்னொருவருக்கு ஆட்-ஆன் கார்டு (அதே கணக்கில் இரண்டாவது கார்டு) வாங்கினால் அவர் செலவின் பாயிண்ட்டும் முதன்மைக் கார்டிலேயே ஏறும். பொது உண்டியல் இல்லாத இடத்தில் அதுவே உண்டியல். ஆனால் கிரிஸ்ஃப்ளையர் மைலுக்கு 36 மாதக் கெடு கறாரானது. இடையில் பறந்தாலும் பழைய மைலின் ஆயுள் நீளாது. பிள்ளைகளின் சிறு இருப்புகள் அங்கேயே கரைந்துபோகும்.

எங்கே சேர்த்தாலும் சில விஷயங்கள் பொதுவானவை. அடிக்கடி பறப்பவர்களுக்குத் தரும் சில்வர், கோல்டு போன்ற நிலைக்கான புள்ளிகள் ஒருபோதும் குடும்பமாகச் சேராது. மடியில் உட்காரும் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு மைல் இல்லை. மைலில் எடுத்த டிக்கெட்டுக்கும் வரியும் கட்டணமும் உண்டு. பிரிட்டனிலிருந்து கிளம்பும்போது எகானமியில் 16 வயதுக்குட்பட்டவர்களுக்கு விமானப் பயண வரி இல்லை என்பது பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு ஒரு நிம்மதி.

நம் ஆட்கள் அதிகம் மாட்டிக்கொள்வது பெயரில். இனிஷியலோடு கணக்கு தொடங்குவோம், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து சர்நேம் ஆகியிருக்கும், டிக்கெட்டில் இரண்டும் இடம் மாறியிருக்கும். பெயர் பொருந்தாவிட்டால் மைல் ஏறாது, இரண்டு கணக்குகளை இணைக்கவும் முடியாது. பாஸ்போர்ட்டில் எழுத்துக்கு எழுத்து எப்படி இருக்கிறதோ அப்படியே கணக்கைத் தொடங்குங்கள், பிள்ளைகளுக்கும் சேர்த்து. மைல் ஏறும்வரை போர்டிங் பாஸைத் தூக்கிப் போடாதீர்கள்.

நாங்கள் முடிவு செய்தது இதுதான். நாங்கள் நால்வரும் பிரிட்டிஷ் ஏர்வேஸ் ஹவுஸ்ஹோல்டில், எங்கள் ஒன்வேர்ல்டு பயணமெல்லாம் அதே எண்ணில். அம்மா அப்பா எங்களைப் பார்க்க வரும்போது கத்தாரில் வருவதால் அப்பாவை முதன்மை உறுப்பினராக வைத்து அங்கே ஒரு குடும்பக் கணக்கு. பள்ளி விடுமுறையில் ஒரே விமானத்தில் மைலுக்கு நான்கு இருக்கை கிடைப்பது குதிரைக்கொம்பு. பிரிட்டிஷ் ஏர்வேஸ் அந்த இருக்கைகளை 355 நாளுக்கு முன்பே திறக்கிறது. அடுத்த கோடை விடுமுறைக்கு அந்த நாளைக் காலண்டரில் வட்டமிட்டு வைத்திருக்கிறேன்.