செஸ்நட்: ஓடு சுலபம், உள்தோல்தான் வில்லன்

செஸ்நட் என்பது பழுப்பு ஓட்டுக்குள் மாவுப் பருப்பு உள்ள கொட்டை. இலையுதிர்காலத்தில் அது நான்கு விதமாகக் கைக்கு வரும்: ஓட்டோடு பச்சையாக, உரித்து வேகவைத்துக் காற்று நீக்கிய பாக்கெட்டில், டின்னில், காய்ந்த பருப்பாக. எது கிடைத்தாலும் ஒன்றுதான் என்று வாங்கினால் பணமும் வீண், நகமும் வீண். தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம்: சுட்டுத் தின்னப் பச்சை, சமையலில் போட பாக்கெட், நேரம் இருந்து மசிக்கப் போகிறீர்கள் என்றால் காய்ந்தது. டின் கடைசி கதி.

பெயரில் 'நட்' இருந்தாலும் இது முந்திரி, பாதாம் ஜாதி இல்லை. பச்சையில் ஏறக்குறைய பாதி எடை தண்ணீர், மிச்சத்தில் பெரும்பகுதி மாவுச்சத்து, கொழுப்பு மிகக் குறைவு. குணத்தில் கிழங்குக்குத்தான் சொந்தம், கெட்டுப்போவதும் அப்படியே. வெளியில் வைத்தால் ஒரு வாரத்தில் சுருங்கும், பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டினால் பூஞ்சை பிடிக்கும். காகிதப் பையில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்தால் இரண்டு மூன்று வாரம் தாங்கும். முதல் மூன்று நான்கு நாளில் மாவுச்சத்து கொஞ்சம் சர்க்கரையாக மாறி ருசியும் கூடும்.

வாங்கும்போது கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். ஓடு உள்வாங்கினால் பருப்பு காய்ந்துவிட்டது. சின்ன வட்ட ஓட்டை இருந்தால் புழு தின்று முடித்து வெளியே போயாயிற்று. வீட்டில் தண்ணீரில் கொட்டி, மிதப்பதை ஒதுக்கிவிடலாம். ஒன்றிரண்டு நல்லதும் அதில் போகும், பரவாயில்லை. பூங்காவில் உதிர்ந்து கிடக்கும் ஹார்ஸ் செஸ்நட்டை மட்டும் தொடாதீர்கள், அது விஷம். உண்ணும் செஸ்நட்டுக்கு நுனியில் குஞ்சம் மாதிரி ஒரு கூர் இருக்கும், வெளிக்கூடு முள்ளம்பன்றி போல நெருக்கமான முள். மற்றதற்குக் கூர் கிடையாது, கூட்டில் முள்ளும் அங்கொன்று இங்கொன்றுதான்.

இனி கீறல். பாதிப் பேர் கோட்டைவிடும் இடம் இதுதான். ஓட்டை மட்டும் கீறிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். கத்தி, ஓட்டுக்கு உள்ளே பருப்பை ஒட்டியிருக்கும் உள்தோலையும் தாண்டிப் பருப்பில் லேசாகப் பதிய வேண்டும். பெருக்கல் குறி எல்லோரும் போடுவது. எங்கள் ஓட்டு, உருண்ட பக்கத்தில் குறுக்கே ஒரு நீளக் கீறலுக்கு. சூட்டில் அது உதடு பிரிவது போலத் திறக்கும், இரண்டு கட்டைவிரலும் உள்ளே போகும். கீறாமல் விட்ட ஒரு கொட்டை போதும், நீராவி அடைபட்டு ஓவனுக்குள் வெடித்து மாவாகச் சிதறும். அங்கே வெடிக்காமல் கையில் வெடித்தால் இன்னும் மோசம்.

கருவியில், கிளி மூக்கு போல வளைந்த குட்டிக் கத்திக்கு முழு மதிப்பெண். அது இல்லாவிட்டால் பல்லுள்ள தக்காளிக் கத்தி. வழுவழு முனைக் கத்தி ஓட்டில் சறுக்கி விரலைத் தேடி வரும். இடுக்கி மாதிரி ஒரே அழுத்தில் பெருக்கல் குறி போடும் கருவி பார்க்க அழகு. ஆனால் சிறிய கொட்டையைப் பிளக்கும், பெரியதில் ஓட்டோடு நின்றுவிடும்.

கீறியதை அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவையுங்கள். அந்த ஈரம் ஓவனுக்குள் ஆவியாகி உள்தோலைப் பருப்பிலிருந்து தள்ளும். அரை கிலோவை ஒரே அடுக்காகப் பரப்பி, கீறல் மேலே பார்க்க, 200 டிகிரி செல்சியஸில் 20 முதல் 25 நிமிடம். எடுத்ததும் ஈரத் துணியில் மூட்டை கட்டிப் பத்து நிமிடம் வையுங்கள். மூட்டையை மேலோடு அமுக்கினால் ஓடு நொறுங்கும் சத்தம் கேட்கும். பிறகு ஐந்து ஐந்தாக எடுத்து உரியுங்கள், மீதி துணிக்குள்ளேயே இருக்கட்டும். ஆறிவிட்டால் உள்தோல் திரும்ப ஒட்டிக்கொள்ளும். அப்போது நகத்தால் சுரண்டுவதைவிட, கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டு எடுப்பதே வழி. ஓவனில் நேரம் கூடினால் பருப்பு கல்லாகும், அதற்கு வைத்தியம் இல்லை.

இத்தனை செய்தும் உரியவில்லையா? தப்பு உங்களுடையது இல்லாமலும் இருக்கலாம். சீன வகையில் உள்தோல் தானாகக் கழலும். ஜப்பானிய வகை பெரிதாக இருந்தாலும் பெரும்பாலும் ஒட்டிக்கொண்டு அழவைக்கும். ஐரோப்பிய வகை இரண்டுக்கும் நடுவில். சிலவற்றில் உள்தோல் பருப்பின் மடிப்புக்குள்ளேயே போயிருக்கும். அதை முழுசாக எடுக்கும் ஆசையை விட்டு, மடிப்போடு பிட்டுவிடுங்கள்.

கழிவு போக ஒரு கிலோ பச்சையில் 650 முதல் 700 கிராம் பருப்பு தேறும். அத்தனையும் சூப்புக்குள் மறையப் போகிறது என்றால் இந்தப் பாடு எதற்கு? இங்கேதான் பாக்கெட் ஜெயிக்கிறது. உட்பொருள் பட்டியலில் செஸ்நட் தவிர வேறெதுவும் இல்லாததாகப் பார்த்து எடுங்கள். ஏற்கெனவே வெந்தது என்பதால் குழம்பு, வதக்கல் எதுவானாலும் கடைசிப் பத்து நிமிடத்தில் போட்டால் போதும். முதலிலேயே போட்டால் கரைந்து காணாமல் போகும். கரைய வேண்டியது சூப்பில்தான்: ஒரு வெங்காயத்தை வெண்ணெயில் வதக்கி, 200 கிராம் செஸ்நட், 700 மில்லி காய்கறி வேகவைத்து வடித்த சாறு சேர்த்து 20 நிமிடம் கொதிக்கவிட்டு அரையுங்கள். நிற்க நிற்க இறுகும், எனவே பக்கத்தில் வெந்நீர் இருக்கட்டும். பிரித்த பாக்கெட்டை இரண்டு மூன்று நாளில் தீர்த்துவிடுங்கள்.

டின்னில் உள்ளது தண்ணீர் குடித்துச் சப்பென்று இருக்கும். மசித்த விழுது டின்னில் இரண்டு வகை உண்டு, இனிப்பிட்டதும் இடாததும். லேபிளைப் படிக்காமல் எடுத்தால் சூப்பில் வெனிலா மணக்கும்.

காய்ந்ததை இரவு முழுக்க ஊறவைத்து, மடிப்பில் சிக்கிய செந்தோலைப் பல்குச்சியால் நோண்டிவிட்டு, சிறு தீயில் முக்கால் முதல் ஒரு மணி நேரம் வேகவிடுங்கள். புகையில் உலர்த்திய சரக்கானால் லேசான புகை வாசனை வரும். கஞ்சிக்கு அது பிரமாதம், கேக்குக்கு ஆகாது.

ஓட்டை போட்ட செஸ்நட் வாணலி? தீச்சுடர் நேரே படும் அடுப்பு இருந்தால் வாங்கலாம், மூடி போட்டு அடிக்கடி குலுக்கினால் 20 நிமிடத்தில் ஓவனில் வராத கருகல் மணம் கிடைக்கும். இண்டக்‌ஷனில் ஓட்டைக்கு வேலையே இல்லை. கழுவியதும் ஈரம் போகத் துடைத்து எண்ணெய் பூசி வையுங்கள், ஓட்டைகளின் விளிம்பில்தான் முதலில் துரு பிடிக்கும்.