கூப்பனா, எல்பிஆர் புரோபா?

கூலிங் டவர் தண்ணீர் குழாயை எவ்வளவு வேகமாக அரிக்கிறது என்று பார்க்க இரண்டு வழி உண்டு. கூப்பன் என்பது எடை பார்த்து வைத்த சின்ன உலோகத் தகடு. பைபாஸ் குழாயில் 30 முதல் 90 நாள் வரை மாட்டி வைத்து, எடுத்துச் சுத்தம் செய்து மறுபடி எடை போட்டால், குறைந்த எடையிலிருந்து சராசரி அரிப்பு வேகம் கிடைக்கும். சராசரி மட்டும்தான். நடுவில் ஒரு நாள் ஆசிட் பம்ப் கட்டுப்பாடில்லாமல் ஓடி பிஎச் சரிந்திருந்தால், அது எந்த நாள் என்று தகடு சொல்லாது.

எல்பிஆர் (linear polarization resistance) புரோப் என்பது தண்ணீருக்குள் மின்முனைகளை வைத்து அளக்கும் கருவி. அது அரிப்பு வேகத்தைச் சில நிமிடங்களில் சொல்லிவிடும். மின்முனைக்கு 10, 20 மில்லிவோல்ட் அளவில் சின்ன உந்துதல் கொடுத்து, ஓடும் மின்னோட்டத்தை அளந்து வேகத்தைக் கணக்கிடுகிறது. ஆனால் தண்ணீர் மின்சாரத்தைக் கடத்த வேண்டும், சுத்தமான கண்டன்சேட்டில் (நீராவி குளிர்ந்து கிடைக்கும் தண்ணீரில்) இது சரிப்படாது, மின்முனையில் பாசியோ எண்ணெயோ படிந்தால் அது காட்டும் அளவை நம்பவே முடியாது.

அப்புறம் குழி அரிப்பு. குழாயை ஓட்டை போடுவது பெரும்பாலும் அதுதான், அதைக் கூப்பனில் கண்ணால் பார்த்து ஆழத்தையும் அளக்கலாம். ஒன்றுதான் முடியும் என்றால் நான் கூப்பனைத்தான் எடுப்பேன். அரிப்பைத் தடுக்கத் தண்ணீரில் சேர்க்கும் மருந்தின் அளவை அடிக்கடி மாற்றுகிற இடமென்றால் மட்டும் புரோப்.