பசங்களோட டெய்லி ரொட்டீனுக்கு படச் செக்லிஸ்ட்: ஆப்பா, சுவர்ல ஒட்டற அட்டையா?

எங்க வீட்ல ரெண்டு பசங்க, பெரியவளுக்கு எட்டு வயசு, சின்னவனுக்கு அஞ்சு. காலைல ஸ்கூலுக்கு கிளம்பற அந்த ஒரு மணி நேரத்துல "பல் தேச்சியா, சாக்ஸ் போட்டியா, பேக் எங்க"ன்னு எத்தனை தடவை கேக்கறேன்னு ஒரு நாள் ஒரு பேப்பர்ல கோடு போட்டு எண்ணினேன், நாப்பதத் தாண்டிடுச்சு, அதுல பாதி கத்தினது. அப்பதான் படச் செக்லிஸ்ட் பக்கம் வந்தேன், அதாவது செய்ய வேண்டிய ஒவ்வொரு வேலைக்கும் ஒரு படம்னு வரிசையா வச்சு, முடிச்சத குழந்தையே டிக் பண்றது இல்ல எடுத்துடறது. ஆப்பும் வச்சுப் பாத்தாச்சு, அட்டையும் ஒட்டிப் பாத்தாச்சு, ரெண்டையும் ஒரே ஒரு கணக்குலதான் அளந்தேன்: நான் வாயத் திறக்கறது எவ்ளோ குறைஞ்சுது? ஸ்டார் ரேட்டிங், அழகான டிசைன், எத்தனை ஐகான் இருக்கு, இதெல்லாம் அதுக்கப்புறம்தான்.

படம் எதுக்குன்னு கேட்டா, வாயால சொன்னது சொன்ன உடனே காத்துல போயிடும். "பல் தேச்சுட்டு டிரஸ் மாத்திட்டு பேக் எடுத்துட்டு வா"ன்னு சொன்னா அஞ்சு வயசுப் பையனுக்கு மூணாவது விஷயம் காதுல விழும்போது முதல் விஷயம் மனச விட்டுப் போயிருக்கும், அது அடம் இல்ல, அந்த வயசுக்கு ஒரே நேரத்துல மனசுல பிடிச்சு வச்சுக்க முடியறது அவ்ளோதான். படம் அங்கயே நிக்கும், எத்தனை தடவை வேணா திரும்பிப் பாக்கலாம். இத ஒரு முறையா வளத்தெடுத்ததுல ஆட்டிசம் இருக்கற பசங்களோட வேல செஞ்சவங்க பங்கு பெருசு. அமெரிக்காவுல நார்த் கரோலினா யுனிவர்சிட்டில எரிக் ஷாப்ளர் ஆட்டிசம் இருக்கறவங்களுக்காக ஆரம்பிச்ச டீச் (TEACCH) புரோகிராம் 1972லயே அந்த மாநிலம் முழுக்க வந்தது, அன்னிக்கு என்னென்ன வேலைங்கறத படமா வரிசையா வச்சுக் காட்டறது அவங்க முறைல முக்கியமான பகுதி. இப்ப நாம டவுன்லோட் பண்ற ஆப் எல்லாமே கிட்டத்தட்ட அந்த அட்டை வரிசையோட பேரப்பிள்ளைங்கதான். அதனால ஆப் புதுசு, அட்டை பழசுன்னு நினைக்காம எது எந்த எடத்துல வேல செய்யுதுன்னு பாக்கறதுதான் சரி.

தயார் பண்றதுல ஆப் சுலபம், அதுல சந்தேகமே இல்ல. போன்ல போட்டோ எடுத்து, பேரு போட்டு, வரிசைல விட்டா பத்து நிமிஷம். அட்டைன்னா பிரிண்ட் எடுக்கணும், வெட்டணும், லேமினேட் பண்ணணும், பின்னாடி வெல்க்ரோ ஒட்டணும், ஒரு சாயங்காலம் போயிடும். படத்துக்கு ஸ்பெயின்ல அரகோன் மாநில அரசோட அராசாக் (ARASAAC)ங்கற பட வெப்சைட்ல ஆயிரக்கணக்குல இலவசமா கிடைக்குது, வியாபாரத்துக்கு இல்லாம வீட்டுக்கு எடுத்துக்கலாம். ஆனா எங்க அனுபவம் என்னன்னா, சின்னவனுக்கு ரெடிமேட் ஐகான் சரியா வரல, ஐகான்ல இருந்த பிரஷ்ஷப் பாத்து அது தன்னோட பிரஷ் இல்லன்னுட்டான். அவனோட நீல பிரஷ், அவனோட ஷூ, அவனோட பேக், அத அப்படியே போட்டோ எடுத்துப் போட்டதும்தான் புரிஞ்சுது. பெரியவளுக்கு எதுவா இருந்தாலும் ஓகே, வெறும் எழுத்தே போதும். அதனால ஆப்னாலும் அட்டைன்னாலும் சின்னப் பசங்களுக்கு சொந்த போட்டோவே போடுங்க.

இப்ப ஆப் தோத்த எடத்துக்கு வரேன், எனக்கு இதுதான் எல்லாத்தவிட முக்கியமாப் பட்டது. செக்லிஸ்ட் எங்க இருக்குங்கறது. அட்டை பாத்ரூம் கண்ணாடி பக்கத்துல அவன் கண்ணு உயரத்துல ஒட்டியிருக்கு, பிரஷ் வாயில இருக்கும்போதே அடுத்தது என்னன்னு பாத்துடறான், ஈரக் கையால படத்த எடுத்து கீழ இருக்கற டப்பால போட்டுடறான். ஆப் என் போன்ல இருக்கு, போன் என் கையில இருக்கு, நான் வேற ரூம்ல இருக்கேன். அவன் ஒவ்வொரு தடவையும் என்கிட்ட வந்து "டிக் பண்ணணும்"னு நிக்கறான், நான் லாக் எடுத்துக் குடுக்கறேன், அதுக்குள்ள ஒரு மெசேஜ் வருது, நான் அதப் பாக்கறேன். கேள்வி கேக்கறது குறைஞ்சுது, ஆனா அதுக்கு பதிலா நானே செக்லிஸ்ட்டோட காவல்காரியா ஆயிட்டேன். டிக் பண்ற உரிமை முழுசா குழந்தைகிட்ட இல்லன்னா அது அவனோட லிஸ்ட்டே இல்ல, நம்ம லிஸ்ட். தனி டேப்லெட்ட சுவர்ல ஸ்டாண்டுல வச்சா இந்தப் பிரச்சன பாதி தீரும், அப்படி வைக்க முடிஞ்சவங்களுக்கு என்னோட இந்தப் புகார் பொருந்தாது.

டேப்லெட்னா அடுத்த கவல, செக்லிஸ்ட் முடிஞ்சதும் வீடியோவுக்கு தாவறது. ஐபேட்ல கைடட் ஆக்சஸ்னு ஒண்ணு இருக்கு, ஆண்ட்ராய்டுல ஆப் பின்னிங், ரெண்டுமே ஒரே ஆப்ல பூட்டி வைக்கும், செட்டிங்ஸ்ல போய் ஆன் பண்ணி வெளிய வர பாஸ்வேர்டும் போட்டுக்கோங்க. உலக சுகாதார நிறுவனம் 2019ல சொன்னது ரெண்டுலேருந்து நாலு வயசு வரைக்கும் உக்காந்து ஸ்கிரீன் பாக்கறது ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல வேண்டாம், குறைஞ்சா இன்னும் நல்லதுன்னு. செக்லிஸ்ட் பாக்கற ரெண்டு நிமிஷம் அதுல பெரிய கணக்கில்ல, ஆனா காலைல எழுந்ததும் கைக்கு வர முதல் பொருள் ஸ்கிரீனா இருக்கணுமாங்கறத ஒவ்வொரு வீடும் யோசிச்சுக்கணும். நான் வேண்டாம்னு முடிவு பண்ணேன்.

ஆனா நேரம்னு வந்துட்டா ஆப் ஜெயிக்குது. அட்டை "டிரஸ் மாத்து"ன்னு சொல்லும், எவ்ளோ நேரத்துலன்னு சொல்லாது. மணி பாக்கத் தெரியாத குழந்தைக்கு "இன்னும் அஞ்சு நிமிஷம்"னா அது வெறும் சத்தம். ஆப்ல கலர் வட்டம் கொஞ்சம் கொஞ்சமா கரைஞ்சு போறதப் பாத்தா அவனுக்கே தெரியுது. இதுக்கும் ஸ்கிரீன் இல்லாத வழி உண்டு, 1994ல ஜான் ரோஜர்ஸ்னு ஒரு அம்மா, "இன்னும் எவ்ளோ நேரம்"னு கேட்டுக்கிட்டே இருந்த தன் பொண்ணுக்காக சிவப்புத் தட்டு சுருங்கிப் போற டைம் டைமர் கடிகாரத்த உருவாக்கினாங்க. சத்தத்துக்கு பயப்படற பசங்க இருக்கற வீட்ல எந்த டைமரானாலும் கடைசில அடிக்கற அலாரத்த முதல்ல ஆஃப் பண்ணிடுங்க, இல்லன்னா அந்த சத்தத்துக்கு காத்துக்கிட்டு வேலையே ஓடாது.

குரலும் ஆப்போட பலம்தான். சாய்ஸ்வொர்க்ஸ் மாதிரி ஐபேட் ஆப்ல சொந்த போட்டோவோட சொந்தக் குரலும் ரெக்கார்ட் பண்ணலாம், ஆப் இங்கிலீஷ்ல இருந்தா என்ன, குழந்தை கேக்கறது அம்மாவோட தமிழ். டீமோன்னு டென்மார்க்லேருந்து வர ஆப் ஏடிஹெச்டி (கவனம் ஒரு எடத்துல நிக்காம துறுதுறுன்னு இருக்கற நிலை), ஆட்டிசம் இருக்கறவங்கள மனசுல வச்சு செஞ்சது, அது கொஞ்சம் வளந்த பசங்களுக்கும் பெரியவங்களுக்கும் ஏத்தது, அஞ்சு வயசுக்கு அது சரிப்படும்னு எனக்குத் தோணல. அப்புறம் ரெண்டு வீட்ல மாறி மாறி இருக்கற பசங்க, பாட்டி வீட்ல பாதி நாள் இருக்கற பசங்க, இவங்களுக்கு ஒரே லிஸ்ட் ரெண்டு எடத்துலயும் திறக்கறது பெரிய உதவி. திடீர்னு டாக்டர்கிட்ட போக வேண்டிய நாள்ல வரிசைய மாத்தறதும் ஆப்ல சட்டுனு ஆகும்.

காயின், பேட்ஜ், பொம்மைக்கு சட்ட வாங்கறது, இந்த கேம் மாதிரி இருக்கற ஆப் பத்தி மட்டும் எனக்கு அழுத்தமான கருத்து இருக்கு. 1973ல லெப்பர், கிரீன், நிஸ்பெட்னு மூணு பேர் நர்சரிப் பசங்கள வச்சு ஒரு ஆராய்ச்சி பண்ணாங்க. வரையறது பிடிச்ச பசங்கள்ல ஒரு குரூப்புக்கு வரைஞ்சா பரிசுன்னு முன்னாடியே சொல்லிக் குடுத்தாங்க, அப்புறம் சும்மா இருக்கற நேரத்துல அந்தக் குரூப் மத்தவங்கள விடக் கம்மியா வரைஞ்சாங்க. சொல்லாம திடீர்னு பரிசு குடுத்த குரூப்ல அப்படிக் குறையல. பல் தேய்க்கறது யாருக்கும் பிடிச்ச வேல இல்ல, அதனால அதுக்கு கொஞ்ச நாள் ஸ்டார் குடுத்தா கெட்டுப்போகாதுன்னுதான் நினைக்கறேன். ஆனா எங்க பெரியவ ஏற்கனவே ஆசையா தானே பேக் அடுக்கறவ, காயின் வந்த ரெண்டாவது வாரம் "இதுக்கு எத்தனை காயின்"னு கேட்டுட்டுத்தான் பேக்கத் தொட்டா. அன்னிக்கே அத எடுத்துட்டேன்.

பிரைவசியும் பாருங்க. குழந்தையோட போட்டோ, தினமும் எத்தன மணிக்கு என்ன செய்யுதுங்கற விவரம், இது ரெண்டும் சேந்து ஒரு சர்வர்ல இருக்கறது சின்ன விஷயம் இல்ல. அக்கவுண்ட் கேக்காம, நெட் இல்லாமலும் ஓடற ஆப்னா எனக்கு நிம்மதி. அட்டைக்கு இந்தக் கவலையே கிடையாது.

கடைசில இத எப்படி நிறுத்தறதுன்னு ஆரம்பத்துலயே யோசிச்சு வைங்க, பலரும் இத விட்டுடறாங்க. அட்டை எங்க வீட்ல தானாவே சுருங்கிட்டு வருது, பெரியவளுக்கு ஏழு படம் இருந்தது, பல், முகம், தலை மூணும் சேந்து "பாத்ரூம்"னு ஒரே படமாச்சு, இப்ப கதவுகிட்ட பேக் படம் ஒண்ணுதான் இருக்கு. ஆப்லயும் ஸ்டெப் குறைக்கலாம், ஆனா தொடர்ச்சியா எத்தன நாள்னு எண்ணிக் காட்டற ஆப்ல நிறுத்தறதே தோல்வி மாதிரி ஆயிடுது, நோட்டிஃபிகேஷன் வந்தாத்தான் எழுந்துக்கறதுன்னு பழகிட்டா என் குரலுக்கு பதிலா போனோட குரல், அவ்ளோதான் மாறியிருக்கு.

எங்க வீட்ல இப்ப காலைக்கு அட்டை, வெளியூர் போற நாளுக்கும் டைமருக்கும் ஆப். காலைல நான் கேக்கறது பத்துக்குள்ள வந்திருக்கு. உங்க குழந்தைக்கு தெரபி நடக்குதுன்னா மட்டும் இந்த வரிசைய அப்படியே எடுத்துக்காதீங்க, ஸ்கூல்லயும் தெரபிஸ்ட்கிட்டயும் என்ன படம் வச்சிருக்காங்கன்னு கேட்டு அதே படத்த வீட்லயும் போடுங்க, பாத்ரூம்னா ஸ்கூல்ல ஒரு படம் வீட்ல ஒரு படம்னு இருந்தா சில பசங்களுக்கு அது ரெண்டும் வேற வேற.