விசிறிவாலா, ஊசிவாலா?

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வயல் வரப்பில் நடந்தால், குளிர்காலத்தில் காலடியிலிருந்தே ஒரு உள்ளான் பறவை (ஆங்கிலத்தில் 'ஸ்னைப்') விருட்டென்று கிளம்பும். விசிறிவால் உள்ளானா, ஊசிவால் உள்ளானா? இரண்டும் வடக்கிலிருந்து வலசை வருபவை. உட்கார்ந்திருக்கும்போது நீண்ட அலகும் வைக்கோல் நிறக் கோடுகளும் ஒன்றுபோலவே இருக்கும். அந்த நிலையில் அடித்துச் சொல்பவரை நான் நம்புவதில்லை.

பறக்கும்போதுதான் குட்டு உடையும். விசிறிவாலின் சிறகுப் பின்விளிம்பில் பளிச்சென்று வெள்ளைக் கோடு, சிறகின் அடியிலும் வெளுப்பு. கரகரத்த குரலோடு வளைந்து நெளிந்து பறக்கும். சுடக் கடினமான இந்தக் குணத்தால்தான் குறிபார்த்துச் சுடுபவரைக் குறிக்கும் 'ஸ்னைப்பர்' என்ற ஆங்கிலச் சொல்லே பிறந்தது. ஊசிவாலுக்கு அந்த வெள்ளை விளிம்பு கிடையாது. சிறகடி முழுக்கக் கரும்பட்டைகள். கால்விரல்கள் வாலைத் தாண்டி நன்றாக நீட்டிக்கொண்டிருக்கும். பறப்பும் கொஞ்சம் நிதானம்.

இடமும் கைகொடுக்கும். சேறு குழைந்த இடம் என்றால் பெரும்பாலும் விசிறிவால். அலகை உள்ளே விட்டு, நெகிழும் நுனியால் புழுவைத் துழாவும். ஊசிவாலும் சேற்றுக்கு வரும், ஆனால் அறுவடை முடிந்து காய்ந்த தாள்க்கட்டையிலும் தங்கும். அப்புறம் அந்த ஊசி இறகுகள்? வால் ஓரத்தில் உண்டுதான், கையில் பிடித்தால் தெரியும்.