உத்யம் பதிவு: கோத்தகிரியில் வீட்டிலிருந்து தொழில் செய்யும் ஒரு முடக்குவாத நோயாளியின் மதிப்பீடு

எட்டு ஆண்டுகளாக முடக்குவாதத்துடன் (மூட்டுகள் வீங்கி இறுகிப்போகும் நோய்) வாழும் நான், கோத்தகிரியில் என் வீட்டின் ஓர் அறையிலிருந்தே தங்கும் விடுதிகளுக்கும் தேயிலை வியாபாரிகளுக்கும் இணையதளங்கள் வடிவமைத்துப் பராமரித்துக் கொடுக்கிறேன். பனி இறங்கும் மாதங்களில் விரல்கள் மடங்கவே காலை பத்து மணியாகிவிடும். ஆகவே எந்தச் சேவையையும் அது என் உடம்பிடம் எவ்வளவு கேட்கிறது என்று பார்த்தே மதிப்பிடுகிறேன். அந்தக் கணக்கில், குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான ஒன்றிய அரசின் இணையவழி உத்யம் பதிவு எனக்கு மிகுந்த நிறைவைத் தந்தது.

2020 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள இந்தப் பதிவுக்குக் கட்டணம் இல்லை; ஆவணங்களைப் பதிவேற்றவும் தேவையில்லை. ஆதார், பான், வங்கிக் கணக்கு விவரங்கள் போதும். வீட்டு முகவரியையே தொழில் முகவரியாகத் தரலாம். பதிவில் குறிக்க வேண்டிய, இணையதள வடிவமைப்புக்கான தொழில் குறியீடு 62012. உதகைக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர் வளைவுப் பாதையில் போய்வராமல், கட்டிலில் சாய்ந்தபடியே எல்லாவற்றையும் முடித்தேன். ஆனால் அதற்கு முன், அரசுத் தளம் போலவே தோன்றிய ஒரு தனியார் தளத்தில் பணம் கட்டி ஏமாந்திருந்தேன். தள முகவரி 'ஜிஓவி டாட் இன்' என்று முடிகிறதா என்பதை அவசியம் பார்த்துக்கொள்ளுங்கள்.

பதிவு என்றதும் பலர் கடனைத்தான் நினைக்கிறார்கள். என் போன்றவருக்கு அதைவிடப் பெரிய பயன், செய்த வேலைக்கான பணம் உரிய காலத்தில் வருவதுதான். நோய் முற்றிப் படுத்துவிட்டால் பாக்கிக்காக அலையவோ, நாள்தோறும் தொலைபேசியில் கெஞ்சவோ உடம்பில் தெம்பு இருக்காது. மருந்துச் செலவோ நிற்பதில்லை. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, எழுத்துப்பூர்வ ஒப்பந்தத்தில் கூடுதல் காலம் குறித்திருந்தாலும் வேலையை ஏற்றுக்கொண்ட 45 நாட்களுக்குள் வாடிக்கையாளர் பணம் தர வேண்டும்; தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி உண்டு. இந்தப் பாதுகாப்பைப் பெற, வேலையை ஒப்புக்கொள்வதற்கு முன்பே பதிந்திருப்பது நல்லது. இப்போது என் ஒவ்வொரு விலைப்பட்டியலிலும் உத்யம் எண்ணையும் பணம் தர வேண்டிய கடைசித் தேதியையும் குறிப்பிடுகிறேன்.

ஒரு குறை உண்டு. மாற்றுத்திறனாளியா என்ற கேள்விக்கு ஆம், இல்லை என்ற இரண்டே விடைகள்தாம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கூறும் 21 வகைகளில் முடக்குவாதம் தனிப் பெயராக இல்லை. ஒரு நாள் இயல்பாக இருந்து மறுநாள் கதவுத் தாழ்ப்பாளைக்கூட நீக்க முடியாமல் போகும் நிலையை அந்த இரண்டு விடைகளுக்குள் எப்படிச் சொல்வது? சான்றிதழ் இல்லாத நான் 'இல்லை' என்றே குறித்தேன். அது இன்றும் மனத்தை உறுத்துகிறது.

ஓடிபி, ஆதாரில் உள்ள கைபேசி எண்ணுக்கே வரும். பழைய எண்ணை வைத்திருப்பவர்கள், மூட்டுவலி சற்றுத் தணிந்திருக்கும் ஒரு நாளில் ஆதார் மையத்துக்குச் சென்று முதலில் அதை மாற்றிக்கொள்ளுங்கள்.